ஒரு ஆள் இடம்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. தெருவில் அவர் பெயர் ‘கொஞ்சம்தள்ளி’. எங்கள் ஸ்டுடியோவுக்குக் கீழே இருக்கிற செருப்புக்கடையில் வந்து, “கொஞ்சம்தள்ளி இருக்காரா?” என்று கேட்பார்கள். செருப்புக்கடைக்காரர் தலையைத் தூக்காமல் மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டுவார். ஒருவர் அப்படிக் கேட்பதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் பாவம் இரண்டடி நகர்ந்து நின்றாராம்.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. குடும்பப் படம் எடுப்பது இவர் தொழில். படத்துக்கு நிற்கிற யாரிடமும் “சிரிங்க” என்று சொல்ல மாட்டார். “சிரிப்பு வந்தா வரட்டும், வரலன்னா நான் போய் கிள்ளியா விட முடியும்?” என்பார். அவர் சொல்வதெல்லாம் ஒன்றுதான். “கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம். அம்மா, நீங்க இல்ல, அவர்.” ஒரு நாளில் அவர் பேசுகிற மொத்தப் பேச்சில் பாதி இதுதான். மீதியை அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருக்கிறேன். யாராவது பேச வேண்டாமா?

ஸ்டுடியோ என்றால் இரண்டு அறை. முன்னறையில் என் மேஜை, கம்ப்யூட்டர், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, ஆளுயரக் கண்ணாடி, அதன் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிற சீப்பு. நூலில் கட்டாத சீப்பு இங்கே ஒரு வாரம் தங்காது. கண்ணாடிக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் ஊக்குகள், ஒரு பவுடர் டப்பா. உள்ளறையில் சாம்பல் நிறத் திரை, இரண்டு குடை விளக்குகள், கைப்பிடி வைத்த நாற்காலிகள், தரையில் கறுப்பு டேப்பால் ஒட்டிய குறிகள். விளக்கும் கேமராவும் வருடக்கணக்கில் அந்தக் குறிகளை விட்டு நகர்ந்ததில்லை. தரை துடைக்கும்போது தெரியாமல் என் கை பட்டு விளக்குக்கால் கொஞ்சம் திரும்பிவிட்டால் போதும், மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களில் முழுதாக வருகிற குடும்பம் குறைவு. ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் படிக்கப் போயிருப்பார், ஒருவர் கப்பலில் இருப்பார். சந்தைப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அங்கே போனால் ஏதாவது பழைய படத்திலிருந்து தலையை வெட்டி, ஒரு கோட்டையும் மாட்டி, நடுவில் நிறுத்திக் கொடுத்துவிடுவார்கள். தலைக்கு ஒரு பக்கம் வெயில், உடம்புக்கு இன்னொரு பக்கம் வெயில். இவர் அதைச் செய்ய மாட்டார். வராதவருக்கு ஒரு ஆள் இடம் விட்டுப் படம் எடுத்து வைப்பார். அந்த ஆள் என்றைக்கு ஊருக்கு வருகிறாரோ அன்றைக்கு இதே அறையில், இதே வெளிச்சத்தில், அதே குறியில் வந்து நிற்க வேண்டும். இரண்டையும் நான் கம்ப்யூட்டரில் சேர்ப்பேன். பார்த்தால் எல்லாரும் ஒரே நாளில் ஒரே மூச்சில் நின்ற படம் போலத்தான் இருக்கும்.

இதில் இவருக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டு ஆட்களே மனசார விட்ட இடத்தில்தான் ஆளை நிறுத்துவார். விடாத இடத்தில் நுழைக்க மாட்டார். “பஸ்ல ரெண்டு பேருக்கு நடுவுல இடுக்கி உட்கார்ந்தா அது உட்கார்ந்த மாதிரியா?” என்று கேட்பார்.

காலி இடத்தைப் பார்த்து வெளிச்சம் சரிபார்க்க முடியாது இல்லையா? அதற்கு நான். வராத ஆளுக்குப் பதிலாக நான் போய் அந்த இடத்தில் நிற்பேன். இவர் விளக்கின் அளவைப் பார்த்துவிட்டு, “ம், வா” என்பார். நான் வெளியே வந்துவிடுவேன், படம் எடுப்பார். மகனாக நின்றிருக்கிறேன், மருமகளாக நின்றிருக்கிறேன், ஒரு தடவை ஆறடி உயர மீசைக்கார மாமாவுக்காக முக்காலி மேல் ஏறி நின்றிருக்கிறேன். ஊரில் பாதிக் குடும்பத்துக்குள் நின்று வெளியே வந்தவள் நான். சில அம்மாக்கள் யோசிக்காமல் என் தோளில் கையைப் போட்டுவிடுவார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. இவர்தான் அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையைக் கனைப்பார்.

கண்டக்டர் குடும்பம் வந்தபோதும் நான் போய் நின்றிருக்க வேண்டியது. நிற்க முடியாமல் போய்விட்டது.

கண்டக்டரை எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் வருவதற்கு முன்னால் அவர் குரல் வரும். “உள்ள போங்க, உள்ள போங்க! உள்ள ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம் கிடக்கு! படியில நின்னு என்ன வேடிக்கை?” என்று ஆட்களை அடைப்பார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கு வந்தவர்களை அதே குரலில்தான் உள்ளே கூப்பிடுவாராம். நல்ல மனிதர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குத் தன் பஸ் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுக்க யார் யார் கையையோ காலையோ பிடித்திருக்கிறார். ஒரு வழியாக வேலை கிடைத்த நேரத்தில், மகன் வெளிநாட்டில் ஓட்டல் சமையல்கட்டு வேலைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். “போறவன் போகட்டும். திரும்பி என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அவனும் அந்த அப்பனுக்குப் பிறந்தவன்தானே, ரோஷம் இல்லாமல் போகுமா? போனவன் வரவே இல்லை. அம்மாவிடம் ஃபோனில் பேசுவான். ஃபோன் அடித்தால் கண்டக்டர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் வேறு ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு குடும்பப் படம் எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே கண்டக்டரின் மனைவி தனியாக மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார்.

“தம்பி, என் பையனுக்கு ஒரு இடம் விட்டு எடுக்கணும்.”

“எடுத்துடலாம்க்கா” என்றார் இவர்.

“அவர் ஒத்துக்க மாட்டார். நான் சொன்னா வீடு ரெண்டாயிடும். நீங்கதான் ஏதாவது பண்ணணும். என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. நான் சாகறதுக்குள்ள நாலு பேரும் ஒண்ணா இருக்கிற ஒரு படத்தை என் வீட்டுச் சுவத்துல நான் பாக்கணும்.”

இவர் கேமரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, விடாத இடத்துல ஆளை நிறுத்த மாட்டேன்னு வாய் கிழியப் பேசுவீங்களே. இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“பாக்கலாம்” என்றார். இந்த மனுஷன் ‘பாக்கலாம்’ என்றால் அதற்கு மேல் கடப்பாறை போட்டாலும் ஒரு சொல் பெயராது.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். கண்டக்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. படி ஏறும்போதே, “என்னப்பா, படி இவ்வளவு ஒடுக்கமா வச்சிருக்கே, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தன் குதிக்கணும் போலிருக்கே” என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாவையும் அம்மாவையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார் இவர். மகள் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

அந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. “ஏங்க, அவனுக்கும் ஒரு இடம் விட்டா என்ன?” என்று கேட்டே விட்டார்.

கண்டக்டர் முகம் சிவந்துவிட்டது. “இல்லாதவனுக்கு எதுக்கு இடம்? இருக்கிறவங்க உட்கார்ந்தாச்சு. நீ எடுப்பா.”

இவர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்தார். நெருக்கமாக மூன்று பேர். நல்லாத்தான் இருந்தது படம், ஆனால் அந்த அம்மாவின் கண் நிறைந்து போயிருந்தது, மகளுக்குத் தோளில் போட்ட துணி சரிந்து ஊக்கு கழன்றிருந்தது.

இவர் தலையைத் தூக்கினார். “அண்ணே, திரையில நிழல் விழுது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடணும். அக்கா, நீங்களும் பாப்பாவும் அதுக்குள்ள முகம் துடைச்சுட்டு வந்துடுங்க.”

நான் அவர்கள் இரண்டு பேரையும் முன்னறைக் கண்ணாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊக்குக் குத்தி, பவுடர் போட்டு, அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, திரும்பி உள்ளே வருகிறோம். கண்டக்டர் நாற்காலி நன்றாகத் தள்ளிப் போயிருந்தது. அவர் அதில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் காலி இடம்.

“என்ன பாக்குறீங்க? நிழல் விழுதாம். வந்து உட்காருங்க, நேரம் ஆகுது” என்றார் கண்டக்டர்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் போய் நடுவில் நிற்கவும் முடியாது. நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். இவர் கண்ணாலேயே அளந்து படத்தை எடுத்தார்.

நெருக்கமாக எடுத்த படம் பிரிண்ட் போட்டு ஃப்ரேமுக்குள் போய் அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. இடம் விட்ட படம் கம்ப்யூட்டரில் இருந்தது.

“சும்மா சொல்லக் கூடாது. எப்படிங்க ஏமாத்தினீங்க அந்த மனுஷனை?” என்று அன்றைக்கே கேட்டேன்.

“நிழல்னேன். தள்ளிட்டார்” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரே பெருமை. வாய் செத்த மனுஷன் என்று நினைத்தால் என்ன சாமர்த்தியம்! “நிழல் விழுதாம் நிழல்!” என்று பல நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். இவர் அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

மகள் கல்யாணத்துக்கும் மகன் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கண்டக்டர் போய்விட்டார். காலையில் ஷேவ் செய்துகொண்டு, செய்தித்தாளை விரித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார்கள். மகனுக்கு வேலை செய்கிற இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார்களாம். அது கைக்கு வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் துக்கத்துக்குப் போனோம். கூடத்துச் சுவரில் அந்த மூன்று பேர் படம். இவர் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியான வேளை, மாடிப்படியில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. கூட ஒரு ஆள். நான் எட்டிப் பார்த்தேன். மகன் என்று சொல்லாமலே தெரிந்தது, அதே மூக்கு. ஆனால் கண்டக்டர் சுவரைப் போல அகலமான மனிதர்; இவன் குடைக்கம்பி. காதோரம் அதற்குள் நரை. சட்டை தோளில் மாட்டிவிட்டது போல் தொங்கியது.

“சமையல்கட்டுல வேலைன்னாங்க, சாப்பாடு எல்லாம் அடுத்தவனுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டேன். வந்தவனை வா என்று கேட்பதற்கு முன்னால் அதுதான் வந்தது வாயில்.

அவன் சிரித்தான். “உட்கார்ந்து சாப்பிட நேரம் ஏதுக்கா? அடுப்புக்கும் கதவுக்கும் நடுவுல நின்னுக்கிட்டே எதையாவது வாயில போட்டுக்கிறதுதான்.”

அந்த அம்மா பரபரப்பாக இருந்தார். “தம்பி, அந்தப் படத்தை எடுங்க. இவனைக் காட்டுங்க. நாளன்னைக்குக் கிளம்புறான்.”

நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். அப்பா ஒரு பக்கம், அம்மாவும் தங்கையும் ஒரு பக்கம், நடுவில் சாம்பல் திரை. அவன் குனிந்து பார்த்தான். அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தான். இவ்வளவு வருடத்தில் அவருக்கு எவ்வளவு வயசாகிவிட்டது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டான்.

“அம்மா, இது யாருக்கு விட்ட இடம்?”

“உனக்குத்தாண்டா.”

“அப்பாவா விடச் சொன்னார்?”

“ஆமாண்டா. அப்பாதான்.” அந்த அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் பொய் தெரியாதா? நிமிர்ந்து இவரைப் பார்த்தான். “அண்ணா, நீங்க சொல்லுங்க. இவங்க என் மனசுக்காகச் சொல்வாங்க. அப்பா நான் நிக்கிறதுக்குன்னு இடம் விட்டாரா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்.”

இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் காத்துக்கொண்டே நிற்கிறான், இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்குமா? ஆம் இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டாமா?

“இங்க பாருப்பா, உங்க அப்பா முடியவே முடியாதுன்னுதான் சொன்னார். உங்க அம்மா கண் கலங்கினதைப் பார்த்துட்டு, இவர்தான் நிழல் விழுதுன்னு ஒரு பொய் சொல்லி நாற்காலியைத் தள்ளிப் போட வச்சார். அதனால இப்ப என்ன? இடம் இருக்கு, நீ இருக்கே. போய் நில்லு” என்றேன்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் மெதுவாக நிமிர்ந்தான். “அப்ப நான் நிக்கலக்கா.”

“டேய்!” என்றார் அம்மா.

“என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னவர்மா. உயிரோட இருந்தப்ப வந்து அவர் முன்னாடி நிக்க எனக்குத் தைரியம் இல்ல. இப்ப அவருக்குத் தெரியாம, அவரை ஏமாத்தி விட்ட இடத்துல போய் அவர் பக்கத்துல நிக்கணுமா? அவர் எழுந்து தள்ளிப் போகவும் முடியாது. வேண்டாம்மா. அந்த மூணு பேர் படமே இருக்கட்டும்.”

கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கத் தொடங்கினான். அந்த அம்மா எழுந்து பின்னால் போகப் பார்த்தார், திரும்பப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“உங்க அப்பா ஏமாறல” என்றார் இவர்.

படியில் காலடிச் சத்தம் நின்றது.

“மேல வாப்பா. வந்து கேட்டுட்டுப் போ.”

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார். பையன் கதவருகில் வந்து நின்றான். இவர் அவனைப் பார்த்தே பேசினார்.

“இவங்க ரெண்டு பேரும் உன் தங்கச்சியும் கண்ணாடிப் பக்கம் வந்துட்டாங்க. உள்ள நானும் அப்பாவும் மட்டும்தான். நிழல்னு சொன்னேன் இல்லையா, எழுந்து நின்னு திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ‘எங்கப்பா நிழல்?’னார். நான் என்ன சொல்ல? ‘அவ சொல்லி வச்சாளா?’ன்னு கேட்டார். ஆமான்னு தலையாட்டினேன். சரி, கோபத்துல இறங்கிப் போயிடுவார்னு நினைச்சேன். அப்புறம் நாற்காலியை அவரே தூக்கினார். நான் தள்ளலப்பா. அவரேதான் தூக்கித் தள்ளிப் போட்டார்.”

பையன் கதவை விட்டு ஒரு எட்டு உள்ளே வந்தான்.

“நான், ‘போதும்ண்ணே, ஒரு ஆள் நிக்கலாம்’னேன். என் மேல பாய்ஞ்சுட்டார். ‘யார்கிட்டப்பா சொல்றே? வாழ்நாள் பூரா ஆளை அடைச்சவன் நான். ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும்னு எனக்குத் தெரியாதா? அவன் சமையல்கட்டுல இருக்கான். வேளாவேளைக்கு சுடச்சுட சாப்பிட்டு நல்லா உடம்பு வச்சிருப்பான். இதுல எப்படி நிப்பான்?’னு சொல்லிட்டு, திரும்பவும் நாற்காலியைத் தூக்கி இன்னும் தள்ளிப் போட்டார்.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“‘வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். அவன் வரட்டும். வந்து நிக்கிறப்ப நானே சொல்லிக்கிறேன்’னார். அவரே சொல்றேன்னு சொன்ன வார்த்தை. அதை வேற யார்கிட்ட நான் சொல்றது? நீ வந்தா உன்கிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன். இப்பவும், அவர் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்றதுன்னுதான் நின்னேன். அதுக்குள்ள இவ ஆரம்பிச்சுட்டா.”

எனக்குச் சுருக்கென்றது. “என்கிட்டகூட சொல்லலையே!” என்றேன்.

“உன்கிட்ட சொன்னா செருப்புக்கடை வரைக்கும் சொன்ன மாதிரி” என்றார். உண்மைதான்.

அந்த அம்மா அழுதுகொண்டே திட்டினார். “பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அவ்வளவு நாளும் பக்கத்துல படுத்துக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்காரே!” என்று இல்லாதவரைப் பிடித்து உலுக்கினார். திட்டும்போதே சிரிப்பும் வந்தது அவருக்கு.

பையன் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தலையைச் சீவினான். சட்டையை உள்ளே விட்டான். பிறகு தானாகவே உள்ளறைக்குப் போய்த் திரைக்கு முன்னால் நின்றான். இவர் போய் அவன் தோளைப் பிடித்து நேராக்கிவிட்டு, விளக்கைப் போட்டார். பையனின் கண் ஈரமாக இருந்தது, அது காயும்வரை இவர் காத்திருந்து எடுத்தார்.

காத்திருந்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்றார் அந்த அம்மா. பெஞ்சை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் இரண்டு படங்களையும் திறந்து, அவனைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். அம்மாவின் நாற்காலியை ஒட்டி நின்றான். வெளிச்சம் அச்சாகப் பொருந்தியது. அந்த அம்மா திரையில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்து, அப்பா, இவன், நான், பாப்பா என்று முணுமுணுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. அவன் நின்ற பிறகும் அப்பாவின் பக்கம் இடம் மிச்சம் இருந்தது. அவனைப் போல இன்னொரு ஆளே நிற்கலாம். தொழில் கண்ணுக்கு அது உறுத்தும்.

“இந்தப் பக்கம் காலியா தெரியுது” என்றேன். “அப்பாவை நாற்காலியோட கொஞ்சம் இழுத்து உன் பக்கம் ஒட்டிடவா? ஒரு நிமிஷ வேலை.”

அவன் அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் அவ்வளவு நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்னா நினைச்சார்?” என்றான். அடுத்த நொடி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை போலக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? இவர் உள்ளே போய், எரியாத விளக்கை எதற்கோ துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்ந்த பிறகு அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒட்டாதீங்கக்கா. அப்படியே போடுங்க” என்றான்.

அப்படியே போட்டுக் கொடுத்தேன். போன மாதம் அந்த அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று பேர் படத்தை எடுத்துவிட்டு அதே ஆணியில் நாலு பேர் படத்தை மாட்டியிருந்தார். மகளின் மாமியார் வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, அப்பாவுக்கும் பையனுக்கும் நடுவுல ஏன் இவ்வளவு காலியா விட்டிருக்காங்க?” என்று கேட்டார்.

“அது காலி இல்லைங்க” என்றார் அந்த அம்மா. “எங்க பையன் குண்டா வருவான்னு அவங்க அப்பா விட்டது.”